முதல் மாநாட்டுக்குப் போகும் தோழருக்கு

மார்க்சிஸ்ட் கட்சியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மாநாடு குறித்துக் கேட்டவை. கிளை முதல் மாவட்டம் வரை பல மாநாடுகளில் உட்கார்ந்த பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் பரீட்சார்த்த உறுப்பினர். எனக்கு வாக்கு உண்டா?

இல்லை. முழு உறுப்பினராவதற்கு முந்தைய அந்த ஓராண்டுச் சோதனைக் காலம் முடியும்வரை கிளை மாநாட்டில் பேசலாம்; வாக்களிக்கவோ பொறுப்புக்கு வரவோ முடியாது.

கேள்வி: மேல் மாநாட்டுக்குப் பிரதிநிதியாகத் தேர்வாகியிருக்கிறேன். என்ன பேசுவது?

கொடியேற்றம், அஞ்சலி எல்லாம் முடிந்ததும் செயலாளர் வேலையறிக்கை வைப்பார். அதன் மீதான விவாதம்தான் மாநாட்டின் உயிர். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். என் முதல் மாநாட்டில் ஏகாதிபத்தியத்தைப் பிடித்துக்கொண்டேன். மணி அடித்தபோது இன்னும் கியூபாவில்தான் இருந்தேன். இறங்கி வந்ததும் ஒரு மூத்த தோழர் கேட்டார்: "நம் கட்சி நாளிதழ் தீக்கதிர் உன் கிளைக்கு எத்தனை வருகிறது?" தெரியவில்லை. உங்கள் தெருவில் எந்த மனு பலித்தது, எந்த இயக்கத்துக்கு ஆள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று சொல்லுங்கள். அறிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: நண்பரை அழைத்து வரலாமா?

பொதுக்கூட்டத்துக்கு வரலாம். பிரதிநிதிகள் அமர்வுக்குக் கூடாது.

கேள்வி: அறிக்கை நீளமாக இருக்கிறதே?

படியுங்கள்.

கேள்வி: குழுவுக்கான பட்டியலில் ஒரு பெயர் எனக்கு உடன்பாடில்லை. எதிர்த்தால் கோஷ்டி என்பார்களா?

(இதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் இருவர் மோதிக்கொண்டார்கள். "போட்டி என்றாலே கோஷ்டிதான்" என்றார் ஒருவர். "அப்படியானால் வாக்குச்சீட்டு எதற்கு?" என்றார் மற்றவர்.)

இரண்டாமவர் பக்கம்தான் அமைப்புச் சட்டம் இருக்கிறது. பதவிக்காலம் முடியும் குழு பட்டியலை முன்மொழியும். எந்தப் பிரதிநிதியும் அதிலுள்ள பெயரை ஆட்சேபிக்கலாம், புதுப் பெயர் சொல்லலாம். பெயர் சொல்லப்பட்டவர் விலகிக்கொள்ளலாம். விலகாவிட்டால் இரகசிய வாக்கெடுப்பு. 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த 24ஆவது அகில இந்திய மாநாட்டில் மத்தியக் குழுவுக்கே போட்டி நடந்தது. மகாராஷ்டிரத்தின் டி.எல். கராத் 31 வாக்குகள் பெற்றுத் தோற்றார். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. முந்தின இரவு விடுதி அறையில் துண்டுச்சீட்டு சுற்றுகிறதே, அதைக் கோஷ்டி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் எழுந்து பெயர் சொல்பவரைச் சொல்லாதீர்கள்.

ஆனால், முதல் மாநாட்டிலேயே இதைச் செய்ய எழுந்தால், அந்தப் பெயரின் மீது உங்களுக்குள்ள ஆட்சேபம் வேலை பற்றியதா, மனத்தாங்கலா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

("மனத்தாங்கலும் வேலையில்தானே வருகிறது?" என்றார் முதலாமவர். வருகிறது. அதை விவாதத்தில் சொல்லியிருக்க வேண்டும்.)

கேள்வி: அகில இந்திய அரசியல் தீர்மானத்தில் சாதாரண உறுப்பினர் திருத்தம் சொல்ல முடியுமா?

முடியும். நகல், அதாவது தீர்மானத்தின் வரைவு, மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே வெளியாகும். எந்தப் பத்தியில் எந்தச் சொல் மாற வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். அதற்கும் முதலில் படிக்க வேண்டும்.

கேள்வி: பரீட்சார்த்த உறுப்பினர் வாக்களிக்கலாமா?

முதல் பதில். வேலையறிக்கையையும் இப்படித்தான் படிக்கப்போகிறீர்களா?

கேள்வி: மதியச் சாப்பாடு உண்டா?

உண்டு. பரிமாற ஆள் போதாது, வாளியைத் தூக்குங்கள். மற்றக் கிளைக்காரர்களின் பெயரெல்லாம் எனக்கு அந்தப் பந்தியில்தான் தெரியவந்தது.