பழைய மடக்குக்கத்தி வாங்கும்போது அலகைப் பாருங்கள், பெயரை அப்புறம் பார்க்கலாம்: கேள்வி-பதில்

மடக்குக்கத்தி பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: இதுவரை மடக்குக்கத்தி வைத்திருந்ததில்லை. மரமோ எலும்போ கைப்பிடி போட்ட பழைய பாணிக் கத்தி ஒன்று வாங்கி தினமும் பயன்படுத்த ஆசை. ஒரு அலகு, மூன்று அலகு, பூட்டு உள்ளது, பூட்டு இல்லாதது என்று பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் மிச்சம். எதில் தொடங்கலாம்?

பதில்: ஒற்றை அலகில் தொடங்குங்கள். மூன்று அலகுக் கத்தி கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, உண்மைதான். ஆனால் மூன்றையும் சாணை பிடிக்க வேண்டும், மூன்று மூட்டுக்கும் எண்ணெய் விட வேண்டும், கடைசியில் தினமும் விரிப்பது பெரிய அலகு ஒன்றை மட்டும்தான்.

பூட்டு விஷயத்தை வாங்கும் முன்பே புரிந்துகொள்வது நல்லது. பழைய பாணிக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. கைப்பிடியின் முதுகில் ஒரு எஃகு ஸ்பிரிங் இருக்கும், அது அலகின் அடியை அழுத்திப் பிடித்திருப்பதால்தான் அலகு விரிந்தபடி நிற்கிறது. அதை வைத்து இழுத்து அறுக்கலாம், சீவலாம், நறுக்கலாம். நுனியால் குத்தித் துளை போட்டாலோ எதையாவது நெம்பினாலோ ஸ்பிரிங் தோற்றுப்போய் அலகு உங்கள் விரல் மேலேயே மடங்கும். ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் அது பூட்டு ஆகாது.

எளிமையாகத் தொடங்க இரண்டு கத்திகளைச் சொல்வேன். ஒன்று ஒபினெல். பிரான்ஸின் சவோய் பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-ல் செய்யத் தொடங்கியது, 1897-ல் 1 முதல் 12 வரை அளவு எண் கொடுத்தார்கள். 8-ம் எண்ணின் அலகு சுமார் எட்டரை சென்டிமீட்டர், பெரும்பாலானோர் கைக்கு அதுதான் பொருந்துகிறது. இதில் ஸ்பிரிங்கே இல்லை, மரத்தின் இறுக்கம்தான் அலகைப் பிடித்துக்கொள்கிறது. 1955-ல் ஒரு சுழல் வளையத்தைச் சேர்த்தார்கள், அதைத் திருப்பினால் அலகு விரிந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். அலகு மெல்லியது என்பதால் காய், பழம், அட்டைப்பெட்டி எல்லாவற்றிலும் சுலபமாக இறங்கும். இன்னொன்று விக்டோரினாக்ஸ், ஸ்விட்சர்லாந்தின் ஈபாக்கில் செய்வது. துரு பற்றிக் கவலைப்படாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க விரும்பினால் அதை எடுங்கள், அதிலேயே அலகும் ஓரிரு கருவிகளும் மட்டும் உள்ள சிறிய வகையாக.

கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா என்று அடுத்து கேட்பீர்கள். கார்பன் எஃகு ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், அதனால் வேலை முடிந்ததும் துடைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டென்றால் கார்பன், இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ். நான் கார்பன் பக்கம்தான், ஏனென்றால் சாதாரண சாணைக்கல்லிலேயே சீக்கிரம் கூர் ஏறிவிடுகிறது.

கேள்வி: இணையத்தில் இரண்டு அலகுள்ள பழைய கத்தி ஒன்று வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது. வந்த பிறகு பார்த்தால் பெரிய அலகு பக்கவாட்டில் ஆடுகிறது, மடக்கினால் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விற்றவர் 'பழைய பொருள் அப்படித்தான்' என்கிறார். அப்படித்தானா? அடுத்த முறை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: இல்லை, அப்படி ஒன்றும் கட்டாயமில்லை. நூறு வயதுக் கத்தியில்கூட ஆட்டமே இல்லாமல் இருப்பதுண்டு. விளம்பரத்தில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுத்தில் கேளுங்கள், அலகு ஆடுவதைச் சிறு வீடியோவாக எடுத்துக் கூடவே அனுப்புங்கள். கத்தியை நீங்களே தட்டி இறுக்கப் பார்க்காதீர்கள், கை வைத்துவிட்டால் அப்புறம் அது உங்கள் குறை என்று சொல்வார்கள்.

நுனி நீட்டிக்கொண்டிருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எப்போதோ நுனி ஒடிந்திருக்கிறது, யாரோ வெட்டும் பக்கத்திலிருந்து தேய்த்துப் புது நுனி எடுத்திருக்கிறார்கள். அப்போது நுனி முதுகுப் பக்கம் ஏறிவிடும், மடக்கினால் உள்ளே ஒளியாது. பையில் கை விடும்போது குத்தும் என்பதால் இது அழகுக்குறை மட்டுமல்ல.

அடுத்த முறை நான்கு படங்களாவது கேட்டு வாங்குங்கள்: மடக்கிய நிலையில் இரண்டு பக்கமும், எல்லா அலகையும் விரித்த நிலையில் இரண்டு பக்கமும். முதலில் பார்க்க வேண்டியது இன்னும் எவ்வளவு எஃகு மிச்சமிருக்கிறது என்பதை. வருஷக்கணக்காகச் சாணை பிடித்த அலகு ஒல்லியாகிவிடும், நகம் மாட்டும் பள்ளத்துக்கும் கூருக்கும் நடுவே இடமே இருக்காது. அதே மாதிரியில் தேயாத கத்தியின் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கைப்பிடி விரிசல், பித்தளைக் கறை இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், போன எஃகு மட்டும் திரும்ப வராது.

அடுத்தது ஸ்பிரிங். அலகு விரிந்திருக்கும்போதும் மடங்கியிருக்கும்போதும் முதுகில் விரலை ஓட்டினால் ஸ்பிரிங்கும் கைப்பிடியும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். மேடு பள்ளம் தட்டினால் உள்ளே தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ பிரித்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். சில கத்திகளில் பாதி விரித்ததும் அலகு செங்குத்தாக ஒரு முறை நிற்கும், அது குறை இல்லை, அலகின் அடி சதுரமாக இருப்பதால் அப்படி. மடக்கும்போது டப் என்று ஒரு சத்தம் வரும், நல்ல ஸ்பிரிங்குக்கு அடையாளம் அது. நேரில் வாங்கினால் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மூன்றாவது, அலகின் அடியில் குத்தியிருக்கும் முத்திரை, அதாவது செய்தவரின் பெயர். இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. அலகு முழுக்கத் துரு தின்ற குழிகள், ஆனால் முத்திரை எழுத்து மட்டும் நேற்றுக் குத்தியதுபோல் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள், உண்மையான முத்திரை என்றால் துருக்குழி எழுத்தையும் சேர்த்துத்தான் தின்றிருக்கும். மாறாக அலகு கண்ணாடிபோல் மின்ன, எழுத்து மட்டும் மழுங்கியிருந்தால் மெஷினில் கொடுத்து மெருகேற்றியிருக்கிறார்கள். உங்களுக்கு வந்த பளபளப்பு இந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முத்திரை படிக்கக் கற்றுக்கொண்டால் தேதியும் தெரியும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் என்ற கத்தி நிறுவனம் 1970-ல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தது, அப்புறம் ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைத்துக்கொண்டே போய் 1979-ல் ஒன்றில் நிறுத்தியது. மாதிரி எண்ணிலும் செய்தி உண்டு. 6318 என்றால் 6 எலும்புக் கைப்பிடிக்கு, 3 அலகுகளின் எண்ணிக்கைக்கு, 18 வடிவத்துக்கு. அந்த எண் போட்ட கத்தியில் இரண்டு அலகுதான் இருக்கிறது என்றால் விற்பவரிடம் கேட்க உங்களுக்கு நல்ல கேள்வி ஒன்று கிடைத்துவிட்டது. ஒபினெலில் இன்னும் சுலபம், சுழல் வளையம் இருக்கிறது, ஆனால் 1930-களில் செய்தது என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: புதிதாக வாங்கிய கார்பன் எஃகுக் கத்தியில் எலுமிச்சை நறுக்கினேன். அலகு நீலமும் சாம்பலுமாகக் கறுத்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், கத்தி நன்றாகத்தான் இருக்கிறது. எலுமிச்சையின் அமிலம் பட்டால் கார்பன் எஃகு இப்படித்தான் நிறம் மாறும். அந்தக் கருமைப் படலம் செந்துரு பிடிப்பதை ஓரளவு தள்ளிப்போடவும் செய்யும். தேய்த்து எடுக்காதீர்கள். கவலைப்பட வேண்டியது செம்பழுப்பாகப் பொடி உதிரும் துருவைப் பார்த்து மட்டும்தான், அதை எண்ணெய் விட்டு மென்மையாகத் துடைத்து எடுங்கள். மூட்டுக்கு மினரல் ஆயில் ஒரு சொட்டு போதும். சமையல் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாளில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: 'லகியோல்' என்று பெயர் போட்ட கத்தி ஒரு இடத்தில் மிக மலிவு, இன்னொரு இடத்தில் பல மடங்கு விலை. இரண்டிலும் ஸ்பிரிங்கில் தேனீ உருவம் இருக்கிறது. மலிவானது போலியா?

பதில்: போலி என்று சொல்ல முடியாது, சிக்கலே அதுதான். லகியோல் பிரான்ஸின் அவெரோன் பகுதியில் ஒரு ஊர், அந்த ஊர்க் கத்தியின் வடிவத்துக்கும் அதே பெயர். அந்தப் பெயரை யார் யாரோ எங்கெங்கோ செய்த கத்திகளில் போட்டு விற்கிறார்கள், நல்ல பிரெஞ்சுக் கத்திகளிலேயே பல தியேர் என்ற வேறொரு பிரெஞ்சு நகரத்தில் செய்தவைதான். ஆகவே பெயரும் தேனீயும் எதையும் நிரூபிக்காது. செய்தவர் யார், எந்த ஊரில், என்ன எஃகு என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கத்திக்குப் பேர்போன ஜெர்மன் நகரம் சோலிங்கனின் பெயர் வேறு கதை, 1938 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, நினைத்தவர்கள் போட்டுக்கொள்ள முடியாது. இருந்தாலும் திருட்டுத்தனமாகப் போடுபவர்கள் உண்டு, அலகின் தரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மரக் கைப்பிடிக் கத்தியைத் தண்ணீரில் கழுவினேன், இப்போது விரிக்கவே முடியவில்லை. கெட்டுவிட்டதா?

பதில்: மரம் தண்ணீர் குடித்து ஊதியிருக்கிறது, காய்ந்தால் சரியாகிவிடும். நிழலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள், அடுப்புப் பக்கம் வைத்தால் மரம் வெடிக்கும். ஒபினெல் என்றால் கைப்பிடியின் பின்முனையை மேசையில் லேசாகத் தட்டிப் பாருங்கள், அலகு கொஞ்சம் எட்டிப்பார்க்கும்.

கேள்வி: ஏழெட்டுப் பழைய கத்திகள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் மெருகேற்றி, தோல் உறையில் போட்டு ஒரே பெட்டியில் வைக்கலாம் என்றிருக்கிறேன். பின்னாளில் விலை ஏறுமா?

பதில்: மெருகேற்றாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆரம்ப நாட்களில் எனக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் செய்த கத்தி ஒன்று கிடைத்தது. அலகில் கறுப்பு, முத்திரை பாதி தெரியும் பாதி தெரியாது. நன்றாகத் தெரியட்டும் என்று ஒரு பட்டறையில் சக்கரத்தில் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் அலகு வெள்ளியாக வந்தது, முத்திரை சுத்தமாகப் போய்விட்டது. யார் செய்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இன்றும் அந்தக் கத்தியைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே வெட்டுகிறது, ஆனால் எடுக்கும்போதெல்லாம் அந்த மழுமழு அடிப்பகுதியில் கட்டைவிரல் படும்.

தோல் உறையில் நீண்ட நாள் வைக்கவும் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிடும் பொருட்களும் சேர்ந்து அலகை அரிக்கும். உறை எடுத்துப்போக மட்டும், வீட்டில் காய்ந்த துணியில் சுற்றிக் காற்றுப் போகும் இடத்தில் வையுங்கள். கைப்பிடிகளையும் பார்த்துவிடுங்கள். செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக்கில் செய்த கைப்பிடி முதுமையில் சிதையத் தொடங்கினால் அமில வாயு விடும், அதன் அலகோடு அடுத்திருக்கும் கத்தியும் துருப்பிடிக்கும். கற்பூர வாசனை அடித்தால் செல்லுலாய்டு என்று சந்தேகிக்கலாம், அதைத் தனியாக, மூடாமல் வையுங்கள், தீயிடமிருந்து தள்ளியும் வையுங்கள், ஏனென்றால் சட்டென்று பற்றிக்கொள்ளும். எலும்பா பிளாஸ்டிக்கா என்று தெரியாதவற்றை பூதக்கண்ணாடியில் பாருங்கள், எலும்பில் பொடிப்பொடியாக நுண்துளைகள் தெரியும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வேலை வேண்டாம்.

விலை ஏறுமா என்றால், சாணையே காணாத, முத்திரை தெளிவான சிலவற்றுக்கு ஏறலாம். ஏறும் என்று நம்பிப் பணம் போடச் சொல்ல மாட்டேன். ஏழெட்டில் நன்றாகத் தேய்ந்த இரண்டை எடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தேயாதவற்றைத் தொடாமல் வையுங்கள்.

கேள்வி: பையில் வைத்துக்கொண்டு வெளியே போகலாமா?

பதில்: நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பார்த்த பிறகுதான். பிரிட்டனில் வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்திக்குத் தடை இல்லை, அதே கத்திக்குப் பூட்டு இருந்தால் தக்க காரணம் காட்ட வேண்டும். ஒரு ஊரில் சரி என்பது அடுத்த ஊரில் குற்றமாகலாம். விமானத்தில் போகும்போது கைப்பையில் வைக்கவே வேண்டாம், சோதனையில் எடுத்துக்கொண்டால் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சரக்கில் போகும் பெட்டியில், அலகை மடக்கித் துணியில் சுற்றி வையுங்கள்.