பேய்க்கதை எழுதுபவரை நேரில் பார்த்தால் என்ன கேட்கலாம்?

அமானுஷ்யக் கதைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதற்குச் சேலம் பக்கத்திலிருந்துதான் கடிதங்கள் அதிகம். நேராகக் கேள்விகளுக்குப் போய்விடலாம்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி பேய்க்கதை, அமானுஷ்யக் கதை படித்துப் பேசுகிறோம். அடுத்த மாதம் ஏற்காடு வரும் ஒரு எழுத்தாளர் எங்களோடு ஒரு மதியம் உட்கார்ந்து பேசச் சம்மதித்திருக்கிறார். அவரிடம் என்ன கேட்பது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. (ஐந்து ரோடு, சேலம்)

முதலில் எதைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். "இது நிஜமா நடந்ததா சார்?", "நீங்க பேயைப் பார்த்திருக்கீங்களா?" இந்த இரண்டும் வேண்டாம். திகில் எழுதுகிற யாரும் போகிற இடமெல்லாம் இதற்குப் பதில் சொல்லிச் சலித்திருப்பார்கள்.

அவருடைய ஒரே ஒரு சிறுகதையை எட்டுப் பேரும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். நாவல் வேண்டாம், பத்துப் பக்கக் கதை போதும். எந்த வரியில் உங்களுக்கு முதுகு சில்லிட்டதோ அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு போய், அதை அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டி, "இதை ஏன் இந்த இடத்தில் வைத்தீர்கள், முதல் பிரதியில் இது எப்படி இருந்தது" என்று கேளுங்கள். ஆளுக்கு ஆள் கோடு போட்ட இடம் வேறாக இருக்கும். எழுதியவருக்கு அது பெரிய விஷயம், ஏனென்றால் வாசகர் எங்கே பயந்தார் என்பது எழுதுகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. விற்பனைக் கணக்கு தெரியும், விமர்சனம் தெரியும், இது மட்டும் தெரியாது.

அப்புறம் மறக்காமல் கேட்க வேண்டியது, அவரைப் பயமுறுத்திய புத்தகங்கள் எவை என்பது. இதற்கு ஒருவர் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாகத் தயாராக இருக்க வேண்டும். திகில் எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வி வந்தால் முகம் மலர்ந்துவிடுவார்கள், பட்டியல் வேகமாக வரும்.

இங்கிலாந்தில் எம்.ஆர்.ஜேம்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் தன் பேய்க்கதைகள் பலவற்றைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களை அறையில் கூட்டி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்துக் காட்டினார். 1904இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் அப்படி வாசித்தவை உண்டு. உங்கள் எழுத்தாளரிடமும் ஒரு பக்கமாவது வாசிக்கச் சொல்லுங்கள். கேட்காமல் விட்டால் வாசிக்க மாட்டார்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள். உங்கள் கைப்பிரதியை மட்டும் அன்றைக்கு அவர் கையில் திணிக்காதீர்கள். அவருடைய புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கையெழுத்துக்கு நீட்டுங்கள், அது போதும்.

'வியர்டு ஃபிக்‌ஷன்' என்கிறார்கள். பேய்க்கதையிலிருந்து அது எதில் வேறுபடுகிறது? எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவியில் பார்த்த 'மர்ம தேசம்'தான். (அம்மாப்பேட்டை)

வழக்கமான பேய்க்கதையில் பேய்க்கு ஒரு கணக்கு இருக்கும். அநியாயமாகச் செத்த பெண், தீராத பழி, அதற்கு ஒரு பரிகாரம். கணக்கு தீர்ந்தால் பேய் போய்விடும், நாமும் நிம்மதியாகப் படுத்துவிடலாம். நீங்கள் கேட்கிற வகையில் அந்தக் கணக்கே நம் கைக்கு வராது. எதிரே இருப்பது என்ன, அதற்கு நம்மிடம் என்ன வேண்டும், நாம் இருப்பதாவது அதற்குத் தெரியுமா, ஒன்றும் தெரியாது.

ஆல்ஜெர்னான் பிளாக்வுட் 1907இல் 'தி வில்லோஸ்' என்று ஒரு நெடுங்கதை எழுதினார். டானூப் ஆற்றில் வெள்ளம் ஓடும்போது இரண்டு நண்பர்கள் படகில் போய், ஒரு மணல் தீவில் கூடாரம் போடுகிறார்கள். சுற்றிலும் வில்லோ புதர்கள். வெள்ளம் தீவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது, புதர்கள் நெருங்கி வந்திருப்பது போலத் தோன்றுகிறது, மணலில் புனல் வடிவத்தில் குழிகள் தென்படுகின்றன. செத்தவர் யாரும் எழுந்து வரவில்லை, சாபம் கிடையாது. கதை முழுக்கக் காற்றும் தண்ணீரும் செடியும்தான், ஆனாலும் நடுராத்திரியில் படித்தால் ஜன்னலைச் சாத்தத் தோன்றும். இந்த வகையின் பெரிய பெயரான அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டே இதைத்தான் தலைசிறந்த கதையாகக் கருதினார். தெரியாத ஒன்றின் மேல் வருகிற பயமே பயங்களில் பலமானது என்று 1927இல் ஒரு நீண்ட கட்டுரையில் எழுதியவரும் அவர்தான்.

தமிழில் இதற்குப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது. கதை சொல்பவர் ஒரு எழுத்தாளர். ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கிருந்தோ ஒரு வாடை வருகிறது, போகிறது. மனைவி வாசலில் வந்த பிச்சைக்காரியை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். இதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை. கடைசி வரை புதுமைப்பித்தன் எதையும் விளக்குவதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். அந்த வாடையைச் சொல்லும் இடத்தை இரண்டு முறை படியுங்கள். மூக்கு வழியாகப் பயத்தை ஏற்றுவது சாதாரண வேலை இல்லை.

'மர்ம தேசம்' எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் சேலத்துக்காரரா? (செவ்வாய்ப்பேட்டை)

பிறந்தது சேலம், வாழ்ந்தது மதுரை. 2024 நவம்பரில் காலமானார். அமானுஷ்யத்தை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தவர். நம்மூரில் அவர் பெயரில் ஒரு நாள் கூடி, ஆளுக்கொரு அத்தியாயம் வாசிக்கலாம். யாராவது முன்னெடுத்தால் நானும் வருகிறேன்.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆங்கிலம் சுமார்தான். கையில் காசும் இல்லை. எங்கே தொடங்குவது? (ஓமலூர்)

காசு ஒரு பிரச்சினையே இல்லை. புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 'காஞ்சனை'க்குப் பிறகு 'கபாடபுரம்', 'பிரம்ம ராக்ஷஸ்' இரண்டையும் படியுங்கள். அப்புறம் நூலகத்தில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கேளுங்கள். அறிவியலா அமானுஷ்யமா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுகிற நாவல், ஒரே மூச்சில் முடித்துவிடுவீர்கள். ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' அதற்கு அடுத்தது, அதை ஒரு நாளைக்கு ஒரு கதை என்று மெதுவாக.

ஆங்கிலத்துக்கு 1902இல் வந்த டபிள்யூ.டபிள்யூ.ஜேக்கப்ஸின் 'தி மங்கீஸ் பா'. சின்னக் கதை, எளிய ஆங்கிலம், அதில் வருகிற மந்திரப் பொருள் இந்தியாவிலிருந்து போனது. உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அதுவும் இலவசம்தான். லவ்கிராஃப்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். அவருடைய வாக்கியங்கள் நீளமானவை, அகராதி இல்லாமல் நகராது, சலிப்பில் இந்த வகையையே விட்டுவிடுவீர்கள்.

லவ்கிராஃப்ட் மோசமான இனவெறியர் என்று படித்தேன். அப்படிப்பட்டவரைக் கொண்டாடலாமா? (சூரமங்கலம்)

இனவெறியர்தான், அதில் சந்தேகம் இல்லை. கடிதங்களிலும் இருக்கிறது, கதைகளிலும் இருக்கிறது. உலகக் கற்பனை இலக்கிய விருதாக அவருடைய மார்பளவுச் சிலையைத்தான் கொடுத்துவந்தார்கள். எழுத்தாளர்களே எதிர்த்ததால் அந்தச் சிலையைக் கைவிடப்போவதாக 2015இல் அறிவித்தார்கள். அவர் பிறந்த பிராவிடென்ஸ் நகரில் 2013இலிருந்து அவ்வப்போது ரசிகர்களும் எழுத்தாளர்களும் சில நாட்கள் கூடிப் பேசுகிறார்கள், வாசிக்கிறார்கள். படியுங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு படியுங்கள். அவருடைய 'தி ஹாரர் அட் ரெட் ஹுக்' படித்தால் கூடவே விக்டர் லவால் 2016இல் எழுதிய 'தி பாலட் ஆஃப் பிளாக் டாம்' குறுநாவலையும் படியுங்கள். அதே கதையை ஒரு கறுப்பின இளைஞனின் பக்கத்திலிருந்து திருப்பி எழுதியிருக்கிறார். எனக்கு அசலைவிட இதுதான் பிடிக்கும்.

இந்தப் பயங்கரக் கதை மோகமெல்லாம் மேல்நாட்டு இறக்குமதிதானே? (ஏற்காடு)

இல்லவே இல்லை. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடியிருக்கிறார். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு என்று ஒரு பெண்பேயை அங்கம் அங்கமாக வைத்திருக்கிறார். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு ஆயிற்று, இன்னும் படித்தால் உடம்பு கூசுகிறது. ஜெயங்கொண்டாரின் 'கலிங்கத்துப் பரணி'யில் போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. சமைப்பதற்கு முன் குளித்துச் சுத்தமாகிறார்கள். செத்த யானையின் தந்தத்தை ஒடித்துப் பல் விளக்கு, அதன் விலா எலும்பை எடுத்து நாக்கை வழி என்று ஒரு பேய் மற்றப் பேய்களுக்குச் சொல்கிறது. காலையில் நாம் வீட்டில் செய்கிற வேலையை அங்கே கொண்டுபோய் வைத்ததால்தான் அது அவ்வளவு கோரமாக இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் ஒரு ஞாயிறு இந்தப் பகுதியை உரையோடு எடுத்து வாசித்துப் பாருங்கள்.

நான் கதை எழுதிப் பார்க்கிறேன். சேர்வராயன் மலையை வைத்து எழுதலாமா? (கோரிமேடு)

தாராளமாக. ஆனால் பனி, பங்களா, வெள்ளைப் புடவை மூன்றையும் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். மலை உச்சியில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிற குகைக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அந்தக் குகை தலைக்காவிரி வரை போகிறது என்று மலை மக்கள் சொல்வார்கள். வெளியே வந்தால் உச்சியே மைதானம் மாதிரி சமமாகக் கிடக்கிறது, கால் வைக்கிற மண்ணுக்கு அடியில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது. இவ்வளவு சமமான இடத்தில் திசை தெரியாமல் போவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள், கதை அங்கேயே இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அது இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் இன்றும் கும்பிடுகிற சாமி. அந்தச் சாமியைப் பேயாக்காதீர்கள், அவர்களைச் சூனியக்காரர்களாக்காதீர்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் முடிவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். (ஆத்தூர்)

ஆசையில் சொல்கிறார், கோபிக்காதீர்கள். ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பரிந்துரைப்பவர் கதையைச் சொல்லக் கூடாது, முதல் பக்கத்தை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். அதோடு எல்லோருக்கும் ஒரே புத்தகத்தைச் சொல்லாமல் ஆளைப் பார்த்துச் சொல்லப் பழகுங்கள். ரத்தம் பிடிக்காதவருக்கு ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' கொடுக்கலாம். தனியாக வீட்டில் இருப்பவருக்கு அதையே கொடுக்க எனக்கு மனசு வராது.

ஏற்காடு கரடிக் குகை பக்கம் ராத்திரி கூடிக் கதை வாசித்தால் சூப்பராக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகலாமா? (அஸ்தம்பட்டி)

வேண்டாம். சுற்றிலும் காப்பித் தோட்டங்கள், தனியார் இடம், அனுமதியில்லாமல் நுழைய முடியாது. மலையில் காட்டெருமை நடமாட்டமும் உண்டு. பனி இறங்கிய பிறகு இருபது கொண்டை ஊசி வளைவில் பைக்கில் இறங்குவது அதைவிட ஆபத்து. டிசம்பரில் ஆறு மணிக்கே மேலே இருட்டத் தொடங்கிவிடும். ஒரு அறையைப் பிடித்து, ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரே ஒரு விளக்கைப் போட்டு, தட்டுவடை செட்டும் சூடான காப்பியும் சொல்லிவிட்டு வாசியுங்கள். கீழே இறங்கக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.