இரண்டு கைப்பேசிக்கு எதற்கு 400 வாட்?

கேள்வி: பாலிக் பூலாவ் மலைச்சரிவில் ஒரு டுரியான் தோட்டத்தைக் கணவரும் நானும் தங்கிப் பார்த்துக்கொள்கிறோம். கரண்டு கிடையாது. இரண்டு கைப்பேசி மட்டும் சார்ஜ் ஏறினால் போதும். மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள். ராத்திரி அவளிடம் பேசியாக வேண்டும். இப்போது கீழே காப்பிக் கடையில் கொடுத்துத்தான் சார்ஜ் போட்டு வாங்குகிறோம். சோலார் விற்பவர் ஒருவர் 400 வாட் தகடு, 1,000 வாட் இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் சேர்த்து 2,800 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சோலார் பவர் பேங்க் 45 வெள்ளிக்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? கணவரின் பழைய லோரி பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது, அது உதவுமா?
– வாசகி, பினாங்கு

பதில்: சகோதரி, இரண்டையுமே வாங்காதீர்கள். அந்த ஆளிடம் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் பணம் மிச்சப்படுத்தும் விஷயம் கடைசி வரியில்தான் இருக்கிறது. அந்த லோரி பேட்டரிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். இன்றைய கைப்பேசிகளில் பெரும்பாலும் 5,000 எம்ஏஎச் பேட்டரிதான். அதில் அடங்குவது ஏறக்குறைய 19 வாட்-மணி. ஒரு வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிய எவ்வளவு வேண்டுமோ அதுதான் ஒரு வாட்-மணி. இதற்கு மேல் கணக்கு வேண்டாம். ஏற்றும்போது சூடாகி வீணாவதையும் சேர்த்து ஒரு போனுக்கு 25 என்று வையுங்கள். இரண்டு போனும் தினமும் அடியோடு காலியானாலும் 50 வாட்-மணி போதும். வீட்டுக் கூரையில் சுற்றும் சாதாரண மின்விசிறிக்கு இது ஒரு மணி நேரத்துக்குக்கூட வராது.

பினாங்கில் காலை முதல் மாலை வரை விழும் வெயிலைத் திரட்டினால், நல்ல உச்சி வெயில் நாலு, நாலரை மணி நேரம் அடித்ததற்குச் சமம். 50 வாட் தகடு ஒன்று, போகிற வழியில் வீணாவதையெல்லாம் கழித்த பிறகும், ஒரு நல்ல நாளில் 120 வாட்-மணி கொடுத்துவிடும். மூடிய வானத்தில் அதில் கால்வாசி கிடைக்கலாம். அதாவது ஒரு நல்ல நாள் வெயில் உங்களுக்கு இரண்டு நாளைக்கு மேல் தாங்கும். 400 வாட்டில் மீதியெல்லாம் விற்பவரின் கமிஷனுக்குத்தான்.

இந்த ஆட்கள் பேசும் விதம் எனக்கு மனப்பாடம். "இன்றைக்குப் போன் என்பீர்கள் அக்கா, நாளைக்கு ஃபேன் கேட்பீர்கள், அப்புறம் ஃபிரிட்ஜ் கேட்பீர்கள்" என்று ஆரம்பிப்பார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். பில் கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்பார்கள், வராது. சிலர் நெம் திட்டத்தின் பெயரைச் சொல்லி, அரசாங்கம் காசு திருப்பித் தரும் என்றுகூட ஆசை காட்டுகிறார்கள். கூரைச் சோலாரில் மிஞ்சும் கரண்டை மின்சார நிறுவனமான தெனாகாவுக்கு விட்டு, பில்லில் கழித்துக்கொள்ளும் அந்தத் திட்டம் 2016-இல் தொடங்கி 2025-இல் முடிந்துபோனது. அதுவும் தெனாகா இணைப்பு உள்ள கூரைகளுக்கு மட்டும்தான் இருந்தது. கம்பியே வராத வீட்டுக்கு அதில் அப்போதும் ஒரு காசும் கிடையாது.

இன்வெர்ட்டர் ஏன் வேண்டாம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து வருகிறவரும் அதைத்தான் விற்கப் பார்ப்பார். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். போனுக்கு வேண்டியது 5 அல்லது 9 வோல்ட். இன்வெர்ட்டர் அந்த 12-ஐ 240 ஆக ஏற்றுகிறது. சார்ஜர் மறுபடி கீழே இறக்குகிறது. பத்துப்படி இறங்க வேண்டியவர் கொம்தார் கோபுரத்தின் உச்சிக்கு லிஃப்டில் ஏறிவிட்டு இறங்கின மாதிரி. அது மட்டுமில்லை, இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா இருந்தாலே 5, 6 வாட் குடித்துக்கொண்டிருக்கும். அணைக்க மறந்து பத்து மணி நேரம் விட்டால் 60 வாட்-மணி போய்விடும். உங்கள் இரண்டு போனும் சேர்ந்து ஒரு நாளைக்குக் குடிப்பதே 50தான். இன்வெர்ட்டருக்குப் பதிலாகக் காரில் மாட்டுவார்களே, 12 வோல்ட் யூஎஸ்பி சார்ஜர், அது ஒன்று போதும்.

பாசார் மாலாம் பவர் பேங்க் வேறு வகை ஏமாற்று. தகடு என்று எதை விற்றாலும் கையில் ஒரு அளவு டேப் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தகடு, நேர் வெயிலில், ஒரு சதுர அடிக்கு 18 வாட் தரும். 25-க்கு மேல் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பவர் பேங்கின் முதுகில் இருக்கும் தகடு உள்ளங்கை அளவு. ஒரு வாட், கூடிப்போனால் ஒன்றரை. 20,000 எம்ஏஎச் உள்ளது என்றால் அதை வெயிலிலேயே நிரப்ப இரண்டு வாரம் ஆகும். அதற்குள் உள்ளே இருக்கும் லித்தியம் வெந்து உப்பிவிடும். இப்போது 50,000 என்றுகூட அச்சடிக்கிறார்கள். கையில் தூக்கிப் பாருங்கள்: உண்மையான 20,000 கிட்டத்தட்ட 350, 400 கிராம் இருக்கும். 50,000 என்று எழுதியது 250 கிராம்தான் இருந்தால் அந்த எழுத்தே பொய். சுவரில் குத்தும் சார்ஜருக்கு சிரிம் தரச்சான்று முத்திரை வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் போய் நின்று பாருங்கள், யார் கேட்கிறார்கள்? ஏமாந்தவர்தான் அலைய வேண்டும்.

சரி, லோரி பேட்டரி. வண்டி பேட்டரியைச் சோலாருக்குப் போடக் கூடாது என்பதுதான் பொது விதி, நானே அதைத்தான் சொல்வேன். வண்டி பேட்டரி இன்ஜினை ஒரு மூச்சில் தள்ளிவிடச் செய்யப்பட்டது. தினமும் பாதிக்கு மேல் காலி செய்தால் சில மாதத்தில் செத்துப்போகும். ஆனால் உங்கள் நிலைமைக்கு இந்த விதி பொருந்தாது. காரணம் எளிது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லோரி பேட்டரி புதிதாக இருந்தபோது 1,200 வாட்-மணி பிடித்திருக்கும். வயதாகிப் பாதி பலம்தான் மிச்சம் என்றாலும் 600 இருக்கும். நீங்கள் எடுக்கப்போவது ஒரு ராத்திரிக்கு 50. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு கொஞ்சமாக எடுத்து மறுநாளே நிரப்பினால், லோரியைக் கிளப்ப முடியாத பேட்டரிகூட இன்னும் ஒன்றிரண்டு வருடம் போனுக்குச் சோறு போடும். விற்பவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், இதில் அவர்களுக்கு ஒன்றும் தேறாது.

ஆனாலும் சோதிக்காமல் நம்பாதீர்கள். ஒரு பட்டறையில் கொடுத்து முழுக்கச் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றிய கம்பிகளைக் கழற்றி ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். காலையில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் பார்த்தால் 12.5-க்கு மேல் இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது, பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். தேறினால் அடுத்த சோதனை. காரின் பிரேக் விளக்கு பல்ப், 12 வோல்ட் 21 வாட், அதை நேராகப் பேட்டரியில் மாட்டி இரண்டரை மணி நேரம் எரிய விடுங்கள். 52 வாட்-மணி போயிருக்கும், அதாவது உங்கள் ஒரு முழு நாள் தேவை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரைப் பாருங்கள். 12-க்குக் குறையாமல் நின்றால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். குறைந்தால் வேண்டாம். ஊற்றும் வகையாக இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், மலை ஊற்றுத் தண்ணீர் கூடாது. கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு வரும், காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். லோரி பேட்டரி முனைகளில் ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் வெல்டிங் மாதிரி ஒட்டிக்கொள்ளும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி தேறவில்லை என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 12 ஆம்பியர்-மணி ஒன்று வாங்குங்கள். 150 வாட்-மணி வரும், உங்களுக்கு நிறைவு.

தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே, பேட்டரியில் அளவுக்கு மீறி ஏறாமல் காக்கும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். 10 ஆம்பியர் சின்னது போதும். லித்தியம் வாங்கினால் அதற்கான செட்டிங் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகுதான் தகடு. கழற்றும்போது முதலில் தகடு. கன்ட்ரோலர் புகைந்துபோய் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றினவர்கள்.

இனி தகட்டை எங்கே வைப்பது? இதில்தான் தோட்டக்காரர்கள் சறுக்குகிறார்கள். ஒரு தடவை தோட்டக் குடிசை ஒன்றில் தகடு வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். ஏறிப் பார்த்தேன். நல்ல வெயில், தகடும் புதுசு. மீட்டரில் 3 ஆம்பியர் பக்கம் காட்ட வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டவில்லை. கண்ணாடியில் ஒரே ஒரு டுரியான் இலை, மழையில் நனைந்து, தாமிர நிற முதுகு மேலே தெரிய ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தள்ளினேன், மீட்டர் முள் உடனே மேலே ஏறிவிட்டது. 50 வாட் தகட்டில் ஒரு செல் கிட்டத்தட்ட டுரியான் இலை அளவுதான் இருக்கும், செல்கள் எல்லாம் ஒரே வரிசையாகக் கோத்தவை. தீ அணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றும்போது நடுவில் ஒருவர் தூங்கிவிட்டால் என்ன ஆகும்? அதேதான். அதனால் காலை 9 முதல் மாலை 4 வரை நிழல் படாத இடம் பாருங்கள், அது குடிசையிலிருந்து இருபது அடி தள்ளியிருந்தாலும் பரவாயில்லை, கம்பியை இழுத்துக்கொள்ளலாம். மரத்தடி வேண்டவே வேண்டாம். பழம் விழுந்தால் கண்ணாடி போச்சு. எலி கடிக்காமல் கம்பியைக் குழாய்க்குள் விடுங்கள். இடி மழையில் தகட்டின் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

திசையைப் பற்றிச் சண்டை வேண்டாம். தெற்கே பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று படித்துவிட்டு வந்து சொல்வார்கள். பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரிதான் வடக்கே. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, அதாவது டுரியான் காலம் முழுக்க, நமக்கு உச்சி வெயில் வடக்கேதான் சாய்ந்திருக்கும். பத்து டிகிரி சாய்த்து எந்தப் பக்கம் வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. சாய்ப்பதே மழை அழுக்கைக் கழுவிக்கொண்டு போகத்தான்.

போனை வெயிலில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். 35 டிகிரிக்கு மேல் சூட்டில் அதன் பேட்டரி சீக்கிரம் சாகும். தகடு வெளியே, போன் உள்ளே. சரிவில் லைன் பலவீனமாக இருந்தால் போன் ராத்திரி முழுக்க கோபுரத்தைத் தேடித் தேடிச் சார்ஜைத் தின்னும். மகளிடம் பேசி முடித்ததும் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஒன்றை மனம் விட்டுச் சொல்லிவிடுகிறேன். 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்னதிலிருந்து வங்கிகள் குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை ரகசிய எண்ணை விட்டுச் செயலிக்கு மாறிவிட்டன. பணம் அனுப்ப, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, எல்லாவற்றுக்கும் போன் உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் தோட்டத்தில் தங்கி வேலை செய்கிறவர் ஒரு மின்கம்பம் கேட்டால் நிலப் பத்திரம் கொண்டுவா, முதலாளி கையெழுத்துக் கொண்டுவா, அந்த அலுவலகம் போ, இந்த அலுவலகம் போ. இப்படி அலைந்தே இரண்டு வருடம் ஓட்டியவர்களைத் தெரியும். கம்பம் வரட்டும், கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவரை காப்பிக் கடையில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

முதலில் லோரி பேட்டரியைச் சோதியுங்கள், தகட்டுக்குக் காசு அதற்குப் பிறகு. எல்லாம் மாட்டியதும் தினமும் விடிகாலை, வெயில் ஏறுவதற்கு முன், பேட்டரி வோல்ட்டைப் பார்த்துச் சுவரில் குறித்து வையுங்கள். அக்டோபர் மழையில் மூன்று நாள் தொடர்ந்து 12.2-க்குக் கீழே வந்தால் அந்தக் கணக்கோடு எனக்கு எழுதுங்கள், இரண்டாவது தகடு தேவையா என்று அப்போது பார்ப்போம்.