சுருக்கினால் தடை போய்விடுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கூட்டல் கணக்கில் 'கையில் 1' என்று எடுத்துக்கொண்டு போகிறோமே, அதுதான் கோஹோமாலஜி என்று முன்பு ஒரு குறிப்பில் எழுதியிருந்தீர்கள். சுவைக்காகச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். நான் முதுகலைக் கணிதம் படிக்கிறேன். கருத்தரங்குக்கு எனக்கு வந்த தலைப்பு, லோக்கலி காம்பாக்ட் குலங்களின் சுருக்கும் ஆட்டோமார்ஃபிசங்கள். குலம் (group) என்றால் கூட்டலைப்போல ஒரு செயல் கொண்ட அமைப்பு, ஆட்டோமார்ஃபிசம் என்றால் அந்தச் செயல் கெடாமல் குலத்தை அதன்மீதே அனுப்பும் சார்பு. அதில் ஒரு பகுதி கோஹோமாலஜி. கோஹோமாலஜி தடைகளை அளப்பது என்று படித்திருக்கிறேன். எந்த உறுப்பை எடுத்தாலும் திரும்பத் திரும்பச் சுருக்கிச் சமனி உறுப்பிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு செயல் கைவசம் இருக்கும்போது, தடை என்று என்னதான் மிஞ்சும்? கேட்டால், "சூத்திரத்தைப் போட்டுவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடு" என்கிறார்கள்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

சுவைக்காகச் சொல்லவில்லை, சொல்லுக்குச் சொல் அப்படியேதான். முதலில் அதை முடித்துவிடலாம்.

4, 3, 8 மூன்றையும் கூட்டுங்கள். 4+3=7, கையில் ஒன்றுமில்லை. 7+8=15, 5 போட்டு கையில் 1. இப்போது பின்னாலிருந்து வாருங்கள். 3+8=11, 1 போட்டு கையில் 1. 4+1=5, கையில் ஒன்றுமில்லை. 'கையில் 1' வந்த இடம் மாறிவிட்டது, மொத்தம் மாறவில்லை. எந்த மூன்று இலக்கங்களை எடுத்தாலும் இப்படித்தான். இந்த நிபந்தனையைத்தான் உங்கள் புத்தகம் 2-கோசைக்கிள் என்கிறது. இரண்டு சிறிய குலங்களை அடுக்கி ஒரு பெரிய குலம் கட்டும்போது, ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு என்ன போகிறது என்ற கணக்கு அது. கோஹோமாலஜி என்ற பெயர் குலங்களுக்கு வந்து ஒட்டிக்கொள்வதற்கு முன்பே, 1926-இல் ஓட்டோ ஷ்ரையர் இதை எழுதிவிட்டார்.

இனி உங்கள் கேள்வி. நல்ல கேள்வி. ஸ்லைடைத் தள்ளச் சொன்னவர்களை விட்டுத்தள்ளுங்கள். தடை இரண்டு வகை. ஒன்றைச் சுருக்கம் அடியோடு துடைத்துவிடும். மற்றதை அதனால் அசைக்கவே முடியாது.

முதல் வகை டோபாலஜி, அதாவது தொடர்ச்சி, சார்ந்தது. பெரிய குலத்திலிருந்து ஈவுக் குலத்துக்கு (அடுக்கிய இரண்டில் உள்ளே இருப்பதை மறந்துவிட்டால் மிஞ்சும் மற்றதற்கு) ஒரு சார்பு இருக்கிறது. கோசைக்கிள் எழுதவேண்டுமானால், ஈவுக் குலத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் மேலே ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கவேண்டும், அதுவும் தொடர்ச்சியாக. மெய்யெண் கோட்டை வட்டத்தின்மேல் சுற்றுகிறோம் என்று வையுங்கள். சுழற்படிக்கட்டை மேலிருந்து பார்ப்பதுபோல. வட்டத்தை ஒரு சுற்று தொடர்ச்சியாக வந்தால் ஒரு மாடி ஏறிவிட்டிருப்போம். கிளம்பிய படிக்கே திரும்பவேண்டுமென்றால் எங்கோ ஓரிடத்தில் குதித்தாகவேண்டும். இந்தக் குதிப்பு பொதுவான லோக்கலி காம்பாக்ட் குலங்களில் தவிர்க்க முடியாதது. அதனால்தான் 1960-களில் கால்வின் மூர், தொடர்ச்சியான சார்புகளை விட்டுவிட்டு, குதிப்புகளை அனுமதிக்கும் அளக்கத்தக்க சார்புகளைக் கொண்டு இவற்றுக்கான கோஹோமாலஜியைக் கட்டினார்.

வட்டத்தில் சுருக்கும் ஆட்டோமார்ஃபிசம் கிடையாது. வட்டம் காம்பாக்ட் (எல்லைக்குள் அடங்கி, விளிம்பு விடுபடாமல் மூடியது), ஆட்டோமார்ஃபிசம் அதை முழுசாக அதன்மீதே அனுப்பும். முழு வட்டமும் வட்டமாகவே இருக்க, சுருங்குவது எங்கே?

சுருக்கம் இருக்கும் இடத்துக்கு வருவோம். 0 முதல் 4 வரையுள்ள இலக்கங்களால் ஆன வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் எங்கோ ஓரிடத்தில் தொடங்கி, வலப்பக்கம் முடிவில்லாமல் போகிறவை. இடத்துக்கு இடம் கூட்டி, 5-ஐ எட்டினால் 5-ஐக் கழித்துவிட்டு, கையில் எதையும் எடுக்காமல் போங்கள். இது ஒரு குலம். 5 உறுப்புகள் கொண்ட புலத்தின்மேல் அமைந்த லோராங் தொடர்களின் கூட்டல் குலம். வரிசையை ஓர் இடம் வலப்பக்கம் நகர்த்துவதுதான் சுருக்கம். நகர்த்த நகர்த்த, முன்னால் வெறும் பூஜ்யங்கள் நீண்டுகொண்டே போகும்.

அதே வரிசைகள், ஆனால் 'கையில் 1'-ஐ அடுத்த இடத்துக்கு அனுப்பினால் (பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக இங்கே அது வலப்பக்கம் போகும்) கிடைப்பவை 5-ஆடிக் எண்கள். குர்ட் ஹென்ஸல் 1897-இல் அறிமுகப்படுத்தியவை. முந்தைய குலத்தில் எந்த உறுப்பையும் ஐந்து முறை கூட்டினால் பூஜ்யம். இங்கே ஐந்து முறை கூட்டினால் அது ஓர் இடம் நகர்ந்து நிற்கும். அதாவது சுருக்கமே 5-ஆல் பெருக்குவதுதான். எனக்கு இந்த ஜோடியைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் பிரமிப்பு வரும். ஒரே வரிசைகள், ஒரே நகர்வு, ஒரே டோபாலஜி. மாறியது கையில் எடுப்பது மட்டும்.

முதல் தடை எப்படிப் போகிறது? சரியாக பூஜ்யமாம் இடத்தில் தொடங்கும் வரிசைகளை மட்டும் ஒரு வளையமாக (annulus, இயற்கணித ring அல்ல) நினையுங்கள். பூஜ்யம் தவிர்த்த ஒவ்வொரு வரிசையும், இந்த வளையத்தில் உள்ள ஏதோ ஒன்றை நகர்த்திப் பெற்றதே, அதுவும் ஒரே வழியில். ஆக, வளையத்துக்கு மட்டும் தொடர்ச்சியாகப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். இலக்கங்கள் துண்டுதுண்டானவை என்பதால் அங்கே குதிப்புப் பிரச்சினை எழாது. மீதி எல்லாவற்றுக்கும் அந்தத் தேர்வையே நகர்த்திக் கொண்டுபோய்விடலாம். பூஜ்யத்துக்கு அருகில் தொடர்ச்சி என்னாகும் என்று கேட்பீர்கள். வளையம் காம்பாக்ட், அதன் பிரதிநிதிகளும் காம்பாக்ட். நகர்த்த நகர்த்த அவை மொத்தமாகவே சமனியை நோக்கிச் சுருங்கிவிடும். தேர்வு தொடர்ச்சியானது, சுருக்கத்தோடும் ஒத்துப்போவது. ஹெல்கே க்ளோக்னரும் ஜார்ஜ் வில்லிஸும் 2021-இல் வெளியான கட்டுரையில், லோக்கலி காம்பாக்ட் சுருக்கக் குலங்கள் எல்லாவற்றுக்கும் இதை நிறுவினார்கள். உங்கள் ஸ்லைடில் சூத்திரத்துக்கு முன்னால் இந்த வளையத்தைப் போடுங்கள்.

இரண்டாவது தடை இயற்கணிதத்தைச் சார்ந்தது. மேற்சொன்ன முதல் குலத்தில் இலக்கங்களை 0 முதல் 24 வரை ஆக்கி, 25-ஐ எட்டினால் 25-ஐக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு இலக்கத்தையும் 5-ஆல் வகுத்து மீதியை முதல் வரியிலும் ஈவை இரண்டாம் வரியிலும் எழுதினால், முதல் வரியின் 'கையில் 1' அதே இடத்தில் இரண்டாம் வரிக்குப் போவது தெரியும். பிரதிநிதிகளை எப்படி மாற்றித் தேர்ந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. 1-ஐ ஐந்து முறை கூட்டினால் இங்கே 5 வருகிறது. இரண்டு வரிகளும் தனித்தனியாக இருந்திருந்தால் பூஜ்யம் வந்திருக்கும். எவ்வளவு சுருக்கினாலும் 5 பூஜ்யமாகிவிடாது.

தொடர்ச்சியான பக்கத்திலும் இதேதான். எபர்ஹார்ட் ஸீபர்ட் 1986-இல் காட்டியபடி, சுருக்கும் ஆட்டோமார்ஃபிசம் உள்ள லோக்கலி காம்பாக்ட் குலம் எதுவும் ஓர் இணைந்த பகுதியும் முற்றிலும் சிதறிய பகுதியுமாக நேர்ப்பெருக்கலாகப் பிரியும். இணைந்த பகுதி நில்பொட்டென்ட் லீ குலம், அதாவது பரிமாற்று விதியிலிருந்து விலகல் சில படிகளில் தீர்ந்துவிடும் வழவழப்பான குலம். மூன்று மெய்யெண்கள் சேர்ந்து ஓர் உறுப்பாகும் ஹைசன்பெர்க் குலம் இதற்கு ஓர் உதாரணம். அதில் மூன்றாவது ஆயத்தொலைவில் கூடுதலாக வந்து சேர்வது, ஒன்றின் முதல் எண்ணும் மற்றதன் இரண்டாம் எண்ணும் பெருகிய தொகை. அதனால் முதல் இரண்டையும் பாதியாக்கினால் மூன்றாவதைக் கால்பங்காக்கியாகவேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது பரிமாற்று விதியைக் கைவிடும்போது நடப்பது. பழையபடி 5-இன் வரிசைகளுக்கே வருவோம், இரண்டு வரிகள். முதல் உறுப்பின் முதல் வரியில் ஓர் இலக்கம், இரண்டாம் உறுப்பின் முதல் வரியில் அதற்கு வலப்பக்கமாக ஓர் இலக்கம். இரண்டையும் பெருக்கி, வலப்பக்கத்து இடத்தில் இரண்டாம் வரியில் சேர்க்கலாமா வேண்டாமா? இடைவெளி 1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை, 3 என்றால் ஆம் என்று நீங்கள் இஷ்டப்படி முடிவில்லாமல் ஒரு பட்டியல் போடலாம். வரிசை இடப்பக்கம் எங்கோ தொடங்கிவிடுவதால், ஒவ்வோர் இடத்திலும் சேரும் உருப்படிகள் முடிவுள்ளவையே. எந்தப் பட்டியலும் கோசைக்கிள்தான், எதுவும் நகர்வோடு முரண்படாது. ஒவ்வொரு பகா எண்ணுக்கும், லோராங் தொடர்க் குலத்தை அதன்மீதே மையமாக அடுக்கி, ஒன்றோடொன்று ஒப்பாகாத சுருக்கக் குலங்களைக் கட்டலாம், அவை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி முடிக்க முடியாத அளவுக்கு உள்ளன என்பதும் க்ளோக்னர், வில்லிஸ் கட்டுரையிலேயே கோசைக்கிள்களைக் கொண்டு நிறுவப்பட்டது. பரிமாற்று விதிக்கு உட்பட்டு, எந்த உறுப்பையும் தன்னோடு கூட்டிக்கொண்டே போனால் பூஜ்யம் வரும் குலங்கள் என்று கட்டுப்படுத்தினால், 1, 2, 3 என்று எண்ணிவிடலாம்.

கருத்தரங்குக்கு முன் ஒன்று செய்து பாருங்கள். இடைவெளி 1-க்கு மட்டும் ஆம் என்று வைத்து, பூஜ்யமாம் இடத்தில் மட்டும் 1 உள்ள வரிசையையும், அடுத்த இடத்தில் மட்டும் 1 உள்ள வரிசையையும் இருவிதமாகவும் பெருக்குங்கள். பிறகு இடைவெளி 2-க்கு மட்டும் ஆம் என்று மாற்றி அதே இரண்டையும் பெருக்குங்கள்.