சுரங்கப்பாதையில் கண் இருண்டது ஏன்?

கேள்வி: என் வயது 62. ஊர் தேவகோட்டை. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற ஆண்டு இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கூம் டவுன் என்னும் பழைய ரயில் சுரங்கப்பாதையில் பேரனுடன் சைக்கிள் ஓட்டினேன். உள்ளே நுழைந்ததும் சில விநாடிகள் ஒன்றுமே தெரியவில்லை. எதிரே வந்தவர்களின் விளக்கு கண்ணை மிகவும் கூசச் செய்தது. மீண்டும் போகவிருக்கிறேன். ஓட்டலாமா?

பதில்: ஐயா, 1966-இல் ரயில் நின்றுபோன அந்தத் தடம், 2013-இல் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் பொதுப்பாதையாகத் திறக்கப்பட்டது. சுரங்கத்தின் நீளம் 1,672 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏழு நிமிடங்களுக்குள் கடந்துவிடலாம். வெயிலிலிருந்து வந்த கண் இருளுக்கு முழுமையாகப் பழகவோ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். நம் ஊர் வீடுகளில், உச்சிவெயிலில் தெருவிலிருந்து வரும் பெரியவர்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்று, பிறகுதான் உள்கட்டுக்குள் காலெடுத்து வைப்பார்கள். ஓடும் சைக்கிளில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

ஆகவே, முதல் சில விநாடி இருட்டு இயல்பானதே. வயது ஏற ஏறக் கண்ணின் நடுவிலுள்ள கருவட்டமான பாவை முன்போல் விரியாது என்பதால் அது கூடுதலாகவே தெரியும். வெயிலில் கறுக்கும் மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தீர்களானால், அது தெளிவதற்கும் சில நிமிடங்கள் பிடிக்கும்.

எனக்குக் கவலை தருவது அந்தக் கூச்சம்தான். கண்ணின் வில்லையில் புரை படரத் தொடங்கினால் எதிரே வரும் ஒளி சிதறி இப்படித்தான் கூசும். சர்க்கரை நோயால் விழித்திரை பழுதுபட்டாலும் மங்கிய வெளிச்சத்தில் பார்வை தடுமாறும். அந்தி நேரத்தில் வீட்டுப் படியில் கால் தடுக்குகிறதா என்பதையும் கவனியுங்கள். "வயசாச்சு" என்று விட்டுவிடாமல், புறப்படுவதற்கு முன்பே கண் மருத்துவரிடம் சென்று, சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டிய சோதனை இது. அன்று வண்டி ஓட்ட வேண்டாம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

கண் நன்றாக இருப்பதாக மருத்துவர் சொன்னால் தாராளமாக ஓட்டலாம். அப்போதும் சுரங்க வாயிலில் இறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, நிழலில் இரண்டு மூன்று நிமிடங்கள் நின்று, விளக்கைத் தரை நோக்கித் தாழ்த்திய பிறகு மெதுவாகச் செல்லுங்கள். அங்கே குழந்தைகளும் நடந்து வருவார்கள். பரிசோதனை முடியும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதே நல்லது. கண்ணுக்கு நல்லதென்று வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அளவு மீறினால் அது ஈரலைக் கெடுக்கும்.