விமான சன்னலில் ஓட்டை

சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு முதன்முறையாகப் போனேன். விமான சன்னலில் ஊசிக் காதளவு ஓட்டை ஒன்று இருந்தது. இறங்கும்வரை உயிர் கையில் இல்லை. அது உடைசலா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

உடைசல் இல்லையம்மா, வேண்டுமென்றே போட்டது. முப்பது வருஷம் விமானப் பராமரிப்பில் இருந்த எனக்கே, அடுத்த சீட்டில் இருப்பவர் யாராவது காட்டிக் கேட்காத பயணம் அபூர்வம். சன்னலில் மூன்று தகடுகள் இருக்கும். நீங்கள் தொடும் தகடு சும்மா கீறல் விழாமல் காக்க. ஓட்டை இருப்பது நடுத்தகட்டில். அதன் வழியே உள்காற்று இரண்டு தகடுகளுக்கும் நடுவே போய்விடுவதால் அழுத்தம் முழுவதையும் வெளித்தகடே தாங்கும். அது போனால்தான் நடுத்தகட்டுக்கு வேலை. சன்னலில் பனி படியாமலும் ஓட்டை பார்த்துக்கொள்ளும்.

சன்னல் மூலைகளை வளைவாக வைப்பது ஏன்? சதுரமாக இருந்தால் இன்னும் நன்றாக வேடிக்கை பார்க்கலாமே!
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ஷாம்பு பாக்கெட் ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் சட்டென்று கிழிகிறதல்லவா? மூலை கூர்மையாக இருந்தால் தகரத்துக்கும் அதே கதிதான். இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் பிரிட்டனின் காமெட். 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பயணிகளை ஏற்றிப் பறந்த ஜெட். 1954 ஜனவரியில் எல்பா தீவருகே ஒரு காமெட் நடுவானில் சிதறி 35 பேர் இறந்தார்கள். ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று, 21 பேர்.

ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஒரு முழு காமெட்டின் உடம்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு பயணத்திலும் நடப்பதுபோல அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். காற்றாக இருந்தால் வெடிகுண்டு மாதிரி வெடித்து, எங்கே விரிசல் தொடங்கியது என்பதே தெரியாமல் போகும். நிஜமாகப் பறந்த 1,221 தடவை, தொட்டியில் 1,836 தடவை. அவ்வளவுதான், அவசர வழிச் சன்னலின் மூலையருகே கிழிந்தது.

ஆனால் பயணிகளின் சதுர சன்னல்தான் ஆளைக் கொன்றது என்பது பாதிக் கதை. எல்பா விமானம் கிழியத் தொடங்கியது கூரையில், ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில். என்னைக் கேட்டால், தப்பு இன்னும் முன்னாலேயே நடந்தது. காமெட்டைத் தயாரித்த கம்பெனி சோதித்த மாதிரிப் பகுதி அழுத்தத்தை 16,000 தடவைக்கு மேல் தாங்கியது நிஜம். ஆனால் அதே பகுதியை அதற்கு முன்பே இரண்டு மடங்கு அழுத்தத்தில் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். அதில் மூலைகள் லேசாக இளகி, விரிசலுக்கு எதிராக இறுகிவிட்டன. வாடிக்கையாளருக்குப் போன விமானங்களுக்கு அந்த வைத்தியம் நடக்கவில்லை. பறக்காத துண்டு பறந்த விமானத்தைவிட உறுதி!

பழைய விமானம் என்று எதை வைத்துச் சொல்வது? வருஷமா, கிலோமீட்டரா?
- ஒரு வாசகர், ஈரோடு

உடம்பைப் பொறுத்தவரை, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு தடவையும் பலூன் மாதிரி ஒரு முறை ஊதிச் சுருங்குகிறது. ஹவாய்த் தீவுகளுக்கிடையே குட்டிக் குட்டிப் பயணம் போன அலோஹா விமான நிறுவனத்தின் போயிங் 737-க்கு வயது 19தான். ஆனால் 89,680 தடவை பறந்திருந்தது. 1988 ஏப்ரல் 28 அன்று நடுவானில் முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். விமானி மீதிப் பேரோடு இறக்கிவிட்டார். அதில் ஏறும்போதே பக்கவாட்டில் ஒரு விரிசலைப் பயணி ஒருவர் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.