ரீசெட் பட்டனைத் தொடும் முன்: வீட்டு பிராட்பேண்ட் கேள்வி – பதில்

ஃபைபர் இணைப்போடு கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போகும் ரவுட்டர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: மழை பெய்த மறுநாளிலிருந்து ரவுட்டரில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக விட்டுவிட்டு எரிகிறது. பின்பக்கம் ஊசியால் குத்தி ரீசெட் செய்தும் சரியாகவில்லை. ரவுட்டர் போய்விட்டதா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் ரவுட்டரில் பழுது இருக்காது. ஃபைபர் வழியாக வரவேண்டிய ஒளி வரவில்லை, அல்லது மிகவும் மங்கி வருகிறது என்பதைத்தான் அந்தச் சிவப்பு விளக்கு சொல்கிறது. கோளாறு வயரில் இருக்கும்போது ரவுட்டரை ரீசெட் செய்து பயனில்லை. பயனில்லாததோடு கெடுதலும் உண்டு. ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால், கம்பெனி ஏற்றி வைத்த பிபிபிஓஇ (கம்பெனி நெட்வொர்க்கில் நுழையும் லாகின் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (இணைப்புக்குக் கம்பெனி ஒதுக்கிய அடையாள எண்) எல்லாம் அழிந்துபோகும். நாளை ஒளி திரும்பி வந்தாலும் நெட் வராது. சில கம்பெனிகள் அவற்றைத் தொலைவிலிருந்தே மறுபடி ஏற்றிவிடும். சில கம்பெனிகளில் ஆள் வந்துதான் போட வேண்டும். ஆகவே புகார் கொடுக்கும்போதே ரீசெட் செய்ததையும் சொல்லிவிடுங்கள்.

அதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் மெல்லிய ஃபைபர் வயரைக் கண்ணால் தொடருங்கள். மேஜைக் காலுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, மூலையில் கூர்மையாக மடிந்திருக்கிறதா? ஃபைபரை மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைத்தால் ஒளி வளைவிலேயே கசியக்கூடும். நீளம் மிஞ்சினால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாகச் சுற்றி வையுங்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். பிறகு ரவுட்டரில் செருகியிருக்கும் ஃபைபர் வயரின் பச்சைப் பின்னைக் கழற்றி, ‘க்ளிக்’ என்று கேட்கும் வரை திரும்பச் செருகிப் பாருங்கள். பின்னின் வெள்ளை நுனியில் விரல் படக் கூடாது. அந்த நுனியை நேராகக் கண்ணால் பார்க்கவும் கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

பின்னின் நிறத்திலும் கவனம் வேண்டும். பச்சைப் பின்னின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலப் பின்னின் முனை நேரானது. அவசரத்தில் யாராவது பச்சையை நீலத்தோடு இணைத்துவிட்டால், நடுவில் இடைவெளி விழுந்து ஒளி பெருமளவு குறையும். பச்சைக்குப் பச்சைதான்.

சிவப்பு விளக்கு அணைந்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்து (வேறு எண்ணானால் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும்) ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’ (Rx Power), அதாவது வந்து சேரும் ஒளியின் அளவைப் பாருங்கள். டெசிபல் கணக்கில் (dBm) மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 20 நல்ல அளவு. மைனஸ் 26 என்றால் இன்று ஓடும், அடுத்த மழைக்கு நிற்கும். 3 டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. “ஆர்எக்ஸ் மைனஸ் 26 காட்டுகிறது, ஸ்ப்ளைஸைப் பாருங்கள்” என்று (ஸ்ப்ளைஸ் என்பது ஃபைபரை ஒட்டிய இடம்) லைன்மேனிடம் சொன்னால், ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லிவிட்டு அவர் நகர முடியாது.

எல்ஓஎஸ் அணைந்தும் பான் (PON) விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, எதிர்முனையில் உள்ள கம்பெனிக் கருவி உங்கள் கருவியை இன்னும் ஏற்கவில்லை என்று கொள்ளுங்கள். பான் நிலையாக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பானால் லாகின் விவரம் தவறு, அல்லது பில் பாக்கி.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் பிளான். லேப்டாப்பில் வயர் போட்டால் 94-க்கு மேல் ஏறவில்லை, போனில் 40 தான். கம்பெனி ஏமாற்றுகிறதா? – வாசகர், மதுரை

பதில்: 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் போர்ட்டில், தகவலோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற விவரங்களின் செலவு போக மிஞ்சுவது அவ்வளவுதான். வழங்கப்படும் ரவுட்டர்கள் பலவற்றில் ஒரு லேன் போர்ட் (வீட்டுக் கருவிகளுக்கு வயர் செருகும் துளை) மட்டும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், மற்றவை 100. ஜிஇ என்றோ லேன் 1 என்றோ எழுதிய போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் 94 என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு உள்ளிருக்கும் எட்டுக் கம்பிகளும் தேவை. ஒன்று அறுந்தாலும், நாலு கம்பி மட்டும் போட்டு முனையில் பின் அடித்திருந்தாலும், இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் வாங்குங்கள்.

போனில் 40 வருவது வேறு கதை. போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் பிடித்திருக்கிறது. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும் இடத்தில் அவ்வளவுதான் கிடைக்கும். வைஃபை அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து, போனையும் டிவியையும் அதில் சேருங்கள். 2.4-க்குச் சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்ததை வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். இடையில் 3, 4 என்று வைத்தால் இருபக்கத்தோடும் மோதும். 5-க்கு அகலம் 80.

ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் செங்கல் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். டிவிக்குப் பின்னாலும் ஸ்டீல் பீரோ மேலும் ரவுட்டரை வைப்பதைத்தான் பல வீடுகளில் பார்க்கிறோம். இரண்டும் கெட்ட இடம். ஹாலின் நடுப்பக்கம், ஆள் உயரத்தில், திறந்த ஷெல்ஃபில் வையுங்கள். ஃபைபர் அவ்வளவு தூரம் வராவிட்டால் நீளமான பேட்ச் கார்டு (பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் ஃபைபர் வயர்) போடச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: நல்ல ரவுட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, கம்பெனி ரவுட்டரோடு இணைத்தேன். பிரிண்டர் சில போன்களுக்கு மட்டும் தெரிகிறது. – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு பெட்டிகளும் ஆளுக்கொரு நெட்வொர்க் நடத்துகின்றன. அதனால் ஒன்றில் இருக்கும் பிரிண்டர் மற்றதில் இருக்கும் போனுக்குத் தெரியாமல் போகிறது. எளிய வழி, புதியதை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது பழைய நெட்வொர்க்கின் வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டியாக மாற்றுவது. அதற்கென்று தனி மோட் இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும். இல்லாவிட்டால் அதன் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி எண் கொடுக்கும் வேலையை) அணைத்து, பழைய ரவுட்டரின் லேனிலிருந்து புதியதன் லேனுக்கு (நெட் உள்ளே வரும் வேன் (WAN) போர்ட்டுக்கு அல்ல) கேபிள் கொடுங்கள்.

கம்பெனி ரவுட்டரை பிரிட்ஜ் மோடுக்கு (இணைப்பை அப்படியே உங்கள் ரவுட்டருக்குக் கடத்தும் நிலைக்கு) மாற்றுவது அதைவிடச் சுத்தமான ஏற்பாடு. ஆனால் பிபிபிஓஇ விவரமும் விலான் எண்ணும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். உங்கள் ரவுட்டரில் எம்டியு (ஒரே தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492 என்று வையுங்கள். 1500 என்று விட்டுவிட்டால் சில தளங்கள் பாதி திறந்து நிற்கலாம்.

கேள்வி: கடை கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாகப் போட்டும் வரவில்லை. – வாசகர், திருப்பூர்

பதில்: ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபியை (கம்பெனி உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்த எண்ணை) பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாட்டில் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் அப்படித்தான். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர் வரை வந்து சேர்வதே இல்லை. நீங்கள் போட்ட அமைப்பில் பிழை கிடையாது. கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய, மாறாத பொது ஐபி) கேளுங்கள், அல்லது கேமரா கம்பெனியின் செயலி வழியாகப் பாருங்கள். ஸ்டாட்டிக் ஐபி வாங்கினால் முதல் வேலையாக கேமராவின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஒரு கருவியை முழுவதுமாக வெளியுலகுக்குத் திறந்துவிடும் டிஎம்இசட் (DMZ) அமைப்பை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

கேள்வி: இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் ரவுட்டர் அணைந்து எழுகிறது. – வாசகி, நாகர்கோவில்

பதில்: இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தை ரவுட்டர் தாங்காது. ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ் வாங்குங்கள். வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் 1, 1.5, 2 என்று மாறும். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் அளவையும் ஒப்பிடுங்கள்.

யுபிஎஸ் போட்டும் கரண்ட் போகும்போதெல்லாம் நெட் நின்றால் தெருவைப் பாருங்கள். வழியில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஃபைபர் ஸ்ப்ளிட்டர் மட்டும் இருந்தால் அதற்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் உள்ளூர் ஆபரேட்டர் கம்பத்துப் பெட்டியில் நெட்வொர்க் ஸ்விட்ச் (கரண்டில் ஓடும் கருவி) வைத்திருந்தால், அதற்கும் பேட்டரி வேண்டும். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.